முதல் வரிசையைப் பார்த்துச் சிரிக்க வையுங்கள்: கோலாலம்பூர்த் தமிழ் நாடகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரில் தமிழ் நாடகம் போடும் குழுவினருக்கும், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகளுக்கும், கோயில் மண்டபங்களிலும் கலைநிகழ்ச்சி மேடைகளிலும் நகைச்சுவை நடிக்கும் கலைஞர்களுக்கும் வணக்கம்.

இந்த நகரத்தைப் பற்றியும் இதை ஆளுகிறவர்களைப் பற்றியும் தமிழில் ஒரு முழு அங்கத நிகழ்ச்சி வேண்டும். பத்துப் பன்னிரண்டு குறுங்காட்சிகள், இடையிடையே பாட்டு, ஒன்றரை மணி நேரம். அதைக் கேட்கத்தான் இந்த மடல். சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் உங்களிடம் ஏராளமாக இருக்கிறார்கள். தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் போதும், மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. உங்கள் திறமையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அந்தத் திறமை யார்மேல் பாய்கிறது என்பதுதான் என் மனக்குறை.

மேடையில் யார் கேலிக்கு ஆளாகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கறுத்த நிறமுள்ள பெண். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து ஆங்கிலம் பேசத் தடுமாறும் ஆள். உடல் பருத்த மனைவி. சேலை கட்டிக்கொண்டு வரும் ஆண். திருநங்கை. உணவகத்தில் தட்டு எடுக்கும் வங்காளதேசத் தொழிலாளி. இவர்கள் வந்தாலே கூட்டம் சிரிக்கும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. மண்டபத்தின் பின்பாதியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அதே கறுத்த பெண்ணும், அதே தோட்டத்து மனிதரும்தான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

முதல் வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள் இருக்கின்றன. அங்கே உட்காரப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட மேடையில் வருவதில்லை. அவர்கள் வந்து சேரும் வரை நிகழ்ச்சி தொடங்குவதும் இல்லை. ஏழரை மணி என்று அழைப்பிதழில் போட்டிருப்பார்கள். எட்டே முக்காலுக்கு வாசலில் உருமி கொட்டும். கைக்குழந்தையோடு வந்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். பிறகு மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், உரை, அந்த உரைக்கு நன்றி சொல்லும் இன்னோர் உரை.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்து மண்டபம் ஒன்றில் பார்த்த காட்சி இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. நாடகத்தை இடையில் நிறுத்திவிட்டு, தனித்து வாழும் ஒரு மூதாட்டிக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். மேடைக்கு ஒரு மாதிரிக் காசோலை வந்தது. நாலடிக்கு மேல் நீளமான அட்டை. அந்த அம்மாவை நடுவில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் சட்டைப் பையில் ரிப்பன் பூக் குத்திய ஆண்கள் வந்து நின்று, ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர், "இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள்" என்றார். தூக்கினார்கள். அம்மாவின் முகம் அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. கீழ் விளிம்பில் அவருடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. படம் எடுத்து முடிந்ததும் அட்டையைக் கொண்டுபோய்விட்டார்கள். எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் அவர் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒலிவாங்கியைச் சரிசெய்ய வந்த பையன்தான் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டான்.

அடுத்து நாடகம் தொடர்ந்தது. சமையற்காரப் பெண்ணின் பேச்சைக் கிண்டல் செய்யும் காட்சி.

கண்ணெதிரே நடந்ததை அப்படியே நடித்திருந்தால் போதுமே! ஓர் அட்டை, ஐந்து ஆண்கள், ஒரு மூதாட்டி. வசனமே தேவையில்லை. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்திருக்கும்.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜா கொலுவில் வீற்றிருக்க, பக்கத்தில் நின்றுகொண்டே ராஜாவை மடக்கிக் கேள்வி கேட்கிறான். பாரதக் கதைக்கு நடுவே ஊர் நாட்டாண்மையின் கணக்கையும் இழுத்துவிடுகிறான். முறுக்கிய மீசையோடு நாட்டாண்மை எதிரே உட்கார்ந்திருப்பார். சிரித்தே ஆக வேண்டும். அதற்கும் வெகு காலத்துக்கு முன், அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார் அவனுடைய படைக்கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. உன் வேல்களெல்லாம் மயிற்பீலி சூடி, நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அரண்மனைக்குள் நின்று, அரசனின் முகத்துக்கு நேரே, ஒரு பெண் சொன்னது இது.

நம் பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவினரோடும் இந்திய முஸ்லிம்களோடும் அந்தத் தீவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் போரியா என்ற மேடைக் கலையில் முதலில் நகைச்சுவைக் காட்சி, அதன் பின் ஒருவர் பாடக் குழு திருப்பிப் பாடும் பாட்டு. அந்தப் பாட்டில் ஊர் நடப்பு, விலைவாசி, பெரிய மனிதர்களின் போக்கு எல்லாம் அடிபடும். இன்று போரியா மலாய்க் கலையாக வளர்ந்து நிற்கிறது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். அதன் வேரில் தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள் என்பதை நம் நாடகக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை. காட்சியும் பாட்டும் மாறி மாறி வரும் அந்த அமைப்பு நான் கேட்கும் நிகழ்ச்சிக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 1989இல் ஜோ குகதாஸ், ஜித் முராட், ஜாஹிம் அல்பக்ரி, ஆண்ட்ரூ லெச்சி ஆகியோர் தொடங்கிய இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர் இந்த நகரத்தின் அரசியலையும் அன்றாடத்தையும் குறுங்காட்சிகளாக்கி ஒரு தலைமுறையையே சிரிக்க வைத்தது. ஜோ குகதாஸ் ஆண் அரசியல்வாதியாக வேடம் கட்டிப் பேசினால் அரங்கம் அதிரும். தமிழ்ப் பெயரைத் தாங்கிய ஒரு பெண் இந்நாட்டில் இத்தனை துணிச்சலோடு அதைச் செய்துகொண்டிருந்தபோது, தமிழ் மேடையில் நாம் மாமியார் மருமகள் சண்டையைத்தான் திரும்பத் திரும்ப நடித்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் அச்சம் எனக்குத் தெரியாததல்ல. கோலாலம்பூரில் மேடை நிகழ்ச்சிக்கு 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டப்படி மாநகர மன்றத்தின் உரிமம் வேண்டும். 2003இல், ஒரு மலாய் நாளிதழில் வந்த புகார்க் கடிதத்தைத் தொடர்ந்து, மேலே சொன்ன குழுவுக்கே அனுமதி மறுக்கப்பட்டது. 2022இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த நகைச்சுவை மன்றம், திறந்த மேடையில் ஏறிய ஒருவர் செய்த செயலைத் தொடர்ந்து, உரிமத்தையே இழந்தது. கேலிச்சித்திரக்காரர் சூனார் மீது 2015இல் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, 2018இல் மீட்டுக்கொள்ளப்பட்டன. இவையெல்லாம் நடந்தவை. ஆனால் அந்த நாடகக் குழு 2003க்குப் பிறகும் மேடையேறியது. சூனார் வரைவதை நிறுத்தவில்லை.

அதோடு, நான் கேட்கும் காட்சிகளுக்கு இனத்தையோ மதத்தையோ அரச பீடத்தையோ தொட வேண்டிய தேவையே இல்லை. பெயர் சொல்லி ஒருவரைத் திட்டவும் வேண்டாம். தனிமனிதரின் பெயர் அடுத்த தேர்தலில் மாறிவிடும்; பழக்கம் மாறாது. பழக்கத்தை நடியுங்கள்.

நகரத்திலேயே எத்தனை இருக்கிறது! கோலாலம்பூர்வாசிக்குப் பொதுத் தேர்தலில் ஒரே ஒரு வாக்குச் சீட்டுதான். எல்லை தாண்டினால் சிலாங்கூரில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு ஓட்டுகள். நமக்குச் சட்டமன்றம் கிடையாது. நகராட்சி உறுப்பினரும் கிடையாது. 1952இல் இந்நகரத்தில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1961இல் அதற்குப் பதிலாக, நியமிக்கப்பட்ட ஆணையரின் நிர்வாகம் வந்தது. 1965இல் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதன்பின் வளர்ந்த தலைமுறைகள் மாநகரத் தலைவரான டத்தோ பண்டாரைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. வீட்டெதிரே சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போய், "உமக்கு இனி ஓட்டு இல்லை" என்று சொல்வது? அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பாட்டி அந்த ஆளைத் தேடிப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முகப்பில், சாலைதான் எங்களுடையது, குழாய் வேறு துறை என்கிறார்கள். குழாய்க்காரர் மேம்பாலத் தூணைக் காட்டுகிறார். தூணுக்குரியவர் புகார் எண் வாங்கி வரச் சொல்கிறார். எண் வாங்கப் போனால் அந்தச் செயலியில் முதலில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறார்கள். பாட்டி ஒவ்வொரு முகப்பிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லட்டும்: "தம்பி, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது." நான்காவது முறை அவர் அதைச் சொல்லும்போது அரங்கம் எப்படிச் சிரிக்கும், அந்தச் சிரிப்பு எங்கே போய்த் தைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளத்தைப் பற்றி நாடகக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2003 ஜூன் மாதம் டத்தாரான் மெர்டேக்காவுக்கு அடியில் இருந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ அரங்கம் திடீர் வெள்ளத்தில் மூழ்கிப் போனது. இருக்கைகள், விளக்குகள், உடைகள் எல்லாம் சேற்றோடு போயின. வெள்ளநீரையும் வாகனங்களையும் கொண்டுசெல்லும் ஸ்மார்ட் சுரங்கப்பாதை 2007இல் திறக்கப்பட்டது. இன்றும் மாலை மழைக்கு நகரத்தின் சில சாலைகள் ஆறாகின்றன.

மின்தூக்கி பழுதான மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகள் ஒரு காட்சி. வாடகைக் காரோட்டிப் பிழைக்கும் பட்டதாரி ஒரு காட்சி. தேர்தலுக்குத் தேர்தல் தமிழ்ப்பள்ளி வாசலுக்கு வரும் அதே வாக்குறுதி ஒரு காட்சி. கட்சித் தாவலும், டத்தோ பட்டத்துக்கு அலைவதும், பிரிக்பீல்ட்ஸ் வளைவுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வதும் தனித்தனியே கிடைக்கும். உங்களுக்கு நான் பட்டியல் போட்டுத் தர வேண்டியதில்லை.

ஓர் எல்லையை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த 48 வயதுப் பெண் ஒருவர் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நாம் சேலை வாங்கும் தெரு அது. பூ வாங்கும் தெரு. அந்தக் குழியையும் அந்தப் பெண்ணையும் சிரிப்புக்குரிய பொருளாக யாராவது மேடையேற்றினால் எழுந்து வெளியே போகும் முதல் ஆள் நானாக இருப்பேன். அதே நேரத்தில், அந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை அலுவலகம் அலுவலகமாகத் தேடும் ஓர் அதிகாரியை நீங்கள் காட்டினால், அதைப் பார்க்க நான் உட்கார்ந்திருப்பேன். துயரப்பட்டவர் பக்கம் நின்றுகொண்டு, பதில் சொல்ல வேண்டியவரைக் கேலி செய்ய முடியும். நல்ல நடிகருக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது உடம்பிலேயே தெரியும்.

இனி, கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கையைக் கட்டியிருப்பது மாநகர மன்றத்தின் உரிமத்தைக் காட்டிலும் முதல் வரிசை சோபாதான் என்று நான் நினைக்கிறேன். மண்டப வாடகை கொடுப்பவர் அதில் உட்காருகிறார். மலரின் பின்னட்டை விளம்பரம் அவருடையது. டிக்கெட் புத்தகங்களைக் கத்தையாக வாங்கி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். அவரைப் பற்றி எழுதிய காட்சியை ஒத்திகையிலேயே நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள்; அதிகாரி எவரும் கேட்பதற்கு முன்பே. ஒலி அமைப்புக்கு ஆகும் செலவும், வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை ஒத்திகை பார்த்து எதுவும் மிஞ்சாமல் வீடு திரும்புவதும் எனக்குத் தெரியும். உங்களை நொந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், சிரிப்புக்கு ஆளாக வேண்டியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு அங்கதம் நடிக்க முடியாது.

ஆகவே செலவைக் குறையுங்கள். தான் ஸ்ரீ சோமா அரங்கம் போன்ற பெரிய இடம் தேவையில்லை. நூறு பேர் உட்காரும் கூடம் போதும். திரைச்சீலை வேண்டாம், அரண்மனை ஓவியம் வேண்டாம். ஐந்து நடிகர்கள், நான்கு முக்காலிகள், ஒரு மிருதங்கம் அல்லது ஒரு கீபோர்டு. எல்லாருக்கும் ஒரே விலை டிக்கெட். சோபாவை எடுத்துவிடுங்கள். அமைச்சர் வர விரும்பினால் வரட்டும். மூன்றாவது வரிசையில் எங்களோடு உட்காரட்டும். வந்து சிரித்தாரானால் அவரைப் பற்றி எனக்கு மதிப்பு கூடும். மேடையில் உரை மட்டும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது.

செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005இல் திறந்த கோலாலம்பூர் நிகழ்கலை மையம் இருக்கிறது. ரயில்வேயில் உழைத்துத் தேய்ந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள். அங்கே ஆங்கிலமும் மலாயும் கேட்கும் அளவுக்குத் தமிழ் கேட்பதில்லை. அங்கே ஒரு சிறு அரங்கை ஓரிரு இரவுகளுக்கு எடுக்க முடியுமானால், அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பெண்களை எழுத விடுங்கள். நடிக்க மட்டும் அழைத்துவிட்டு, வசனத்தை ஆண்களே எழுதிக் கொடுக்கும் வழக்கம் போதும். ரயிலில் பெண்கள் பெட்டிக்குள் நடப்பதும், பள்ளி வாசல் போக்குவரத்து நெரிசலும், வீடு வாடகைக்குக் கேட்டால் "இந்தியர் வேண்டாம்" என்று தொலைபேசியை வைப்பதும் அவர்கள் அன்றாடம் எதிர்கொள்பவை. மேடையில் பேசும் தமிழும் செந்தூல், ஜின்ஜாங், கம்போங் பண்டான் பக்கம் பேசும் தமிழாகவே இருக்கட்டும். சென்னைப் படங்களில் கேட்ட பேச்சை ஒப்பிப்பவர்களால் இந்த நகரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் முதல் நிகழ்ச்சி நடந்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். எழுதத் தொடங்கும் குழு எதுவானாலும், ஒத்திகைக்கு எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தைக் குடியிருப்பாளர் சங்கத்திடம் கேட்டு வாங்கித் தருகிறேன். வார நாட்களில் இரவு எட்டு மணிக்குமேல் அது காலியாகத்தான் கிடக்கிறது. மாடி மாடியாக ஏறி டிக்கெட் விற்கவும் எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். கையில் இரண்டு காட்சிகள் இருந்தாலே போதும், வந்து படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
செந்தூல் அடுக்குமாடிவாசி ஒருவர்